சூடு ஆறிய பிறகும் கேட்ட சத்தம்

ஊரிலேயே அதிக இரைச்சலான தெருவில் கடை போட்டு, அமைதியை விற்றுப் பிழைத்த மனிதர் அவர். ஒரு பக்கம் இரும்பு அறுக்கும் பட்டறை, மறு பக்கம் டயர்க் கடையின் கம்ப்ரசர், எதிரே பேருந்துகள் திரும்பும் முனை. நடுவில், ஒரே ஒரு ஷட்டர் அகலத்தில், அவருடைய மோட்டார் சைக்கிள் பட்டறை. பக்கத்தில் நிற்பவர் பேசுவதே அங்கே காதில் விழாது. அவரோ நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றின் முனையை இஞ்சின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிறகு கண்ணைத் திறந்து, "செயின் இல்ல, பேரிங். அதுவும் இடது பக்கம்" என்பார். பிரித்துப் பார்த்தால் இடது பக்க பேரிங்காகத்தான் இருக்கும்.

அதனால் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர். அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. அது மின்சாரக் கட்டண ரசீதில் மட்டும் வந்துகொண்டிருந்தது. மனிதர்கள் பேசுவதை மட்டும் அந்தக் காது ஏற்றுக்கொள்வதில்லை என்று அவர் மனைவி சொல்வதுண்டு. அதையும் அது ஏற்றுக்கொண்டதில்லை.

அவருடைய தொழிலில் ஒரு சின்ன சமாசாரத்தைச் சொல்லிவிட்டால் மற்றது எளிது. இஞ்சினில் எரிந்த புகை வெளியேறும் வாசலுக்கு வால்வு என்ற கதவு உண்டு. அந்தக் கதவைத் தள்ளித் திறக்கிற கைக்கும் கதவுக்கும் நடுவில் முடியளவு இடைவெளி விட வேண்டும். இரும்பு சூட்டில் நீளும். நீள்வதற்கு இடம் வேண்டுமே. இடைவெளி இருப்பதால் இஞ்சின் ஓடும்போது டிக் டிக் என்று மெல்லிய சத்தம் வரும். பட்டறைக்காரர்கள் அதை டேப்பட் சத்தம் என்பார்கள். நல்ல இஞ்சின் கொஞ்சம் சத்தம் போடத்தான் செய்யும். சத்தமே போடாத இஞ்சின், வீட்டில் ஒரு நாளும் சண்டை போடாத ஆள் மாதிரி. உள்ளே என்னவோ வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் வேண்டியதில்லை. அவர்களுக்கு வண்டி பூ மாதிரி ஓட வேண்டும். ஒரு காலத்தில் காதுக்காரர் அவர்களோடு மல்லுக்கு நிற்பார். "உயிரோட இருக்குற வண்டி மூச்சு விடும்யா. சத்தமே கூடாதுன்னா சைக்கிள் வாங்கிக்க" என்று திருப்பி அனுப்புவார். சமீப காலமாக அந்தப் பேச்சு நின்றுவிட்டது. அவர் கையிலிருந்து போன வண்டிகள் ஒன்றையொன்று விஞ்சும் அமைதியோடு போயின. வாடிக்கையாளர்கள் பூரித்துப் போனார்கள். வயது ஏற ஏறக் கை பக்குவப்பட்டுவிட்டது என்றார்கள். அவருடைய தொழில் கெட ஆரம்பித்ததும் அவருடைய புகழ் ஏற ஆரம்பித்ததும் ஒரே சமயத்தில்தான். இதை யாரும் கவனிக்கவில்லை. புகழுக்கு யார் காரணம் கேட்பார்கள்?

அந்த இடைவெளியை அளக்கக் கருவி இல்லாமல் இல்லை. மெல்லிய தகடுகள் விசிறி மாதிரி மடங்கியிருக்கும் கேஜ் ஒன்று எல்லாப் பட்டறைகளிலும் உண்டு. அவரிடமும் இருந்தது. அதில் ஒரு தகட்டை அவர் நகத்து அழுக்கு எடுக்க வைத்திருந்தார். தகடு வைத்து அளப்பவன் காது இல்லாதவன் என்பது அவருடைய கட்சி. மூடியைத் திறப்பார், திருகுவார், ஸ்டார்ட் செய்து கேட்பார். டிக் டிக் இருக்கும். மறுபடி திறப்பார், இன்னும் ஒரு இழை இறுக்குவார், கேட்பார். முன்பெல்லாம் இரண்டு தடவையில் முடிந்த வேலை இப்போது அரை நாளைத் தின்றது. அந்த டிக் டிக் அவ்வளவு பிடிவாதமாக இருந்தது.

வீட்டிலும் அதே கதைதான். கூடத்துச் சுவர்க் கடிகாரம் சத்தம் போடுகிறதென்று பேட்டரியைக் கழற்றி வைத்தார். அதிலிருந்து அந்த வீட்டில் எப்போதும் பத்தேகால். மின்விசிறியை இறக்கி பேரிங் மாற்றினார். சொட்டாத குழாய்க்கு வாஷர் போட்டார். மனைவி வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவர். அவருடைய தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டு விட்டு, தைத்து முடித்த சட்டை ஒவ்வொன்றிலும் கறை.

"எங்க சத்தம் வருது? சொல்லுங்க, நானும் கேக்குறேன்" என்றார் மனைவி ஒரு நாள், கறையைச் சுண்ணக்கட்டியால் தேய்த்துக்கொண்டே.

"இங்கதான் எங்கயோ. எலி கொறிக்கிற மாதிரி. உனக்குக் கேக்கலையா?"

"வீடு பூரா தேடியாச்சு. இனி பாக்கி உங்க காது ஒண்ணுதான். அதையும் கழட்டி எண்ணெய் விட்டுருங்க."

கணவன் மனைவிக்குள் குத்தலாகச் சொல்லப்படும் உண்மைக்கு உண்மை என்ற மதிப்பு கிடைப்பதில்லை. சொன்னவரே அதை மறந்துவிட்டு ஊசியில் நூல் கோக்கப் போனார்.

இந்த நிலையில்தான் மாப்பிள்ளையின் வண்டி வந்தது.

மாப்பிள்ளை என்றால் காதுக்காரரின் தங்கை கணவர். மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்பவர். நாள் முழுக்க இருட்டறையில் மற்றவர்களிடம் "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்டுவிட்டு வெளியே வருவதாலோ என்னவோ, வெளிச்சத்தில் நிறையப் பேசுவார். அவருடைய பழைய வண்டியை மச்சான் முழுசாகப் பிரித்து, வால்வு தேய்த்து, டேப்பட் வைத்து, மறுபடி பூட்டிக் கொடுத்திருந்தார். பாசத்தால் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்ட வேலை. வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும், அவ்வளவு அமைதி.

சனிக்கிழமை, வெளிச்சம் மங்குகிற நேரத்தில் அந்த வண்டி பட்டறை வாசலில் வந்து நின்றது. பின்னால் தங்கை உட்கார்ந்திருந்தாள்.

"மச்சான், வண்டி பிரமாதம்" என்றார் மாப்பிள்ளை, இறங்காமலே. "சத்தம்னு பேருக்குக்கூட இல்ல. ஒரே ஒரு சின்னக் குறை. தீப்பிடிச்சுரும் போல இருக்கு."

"வந்ததும் ஆரம்பிச்சுட்டீங்களா?"

"விளையாட்டு இல்ல மச்சான். குனிஞ்சு பாருங்க."

காதுக்காரர் குனிந்தார். இஞ்சினிலிருந்து வளைந்து இறங்கி சைலன்சரில் போய்ச் சேரும் பைப், வளைவு தொடங்கும் இடத்தில் சிவந்திருந்தது. பகலாக இருந்தால் தெரிந்திருக்காது. அந்த மங்கலில், அடுப்பில் வைத்து எடுத்த கம்பி மாதிரி, உள்ளிருந்து கனன்றது. அவர் முகத்தில் அனல் அடித்தது.

தங்கை மெதுவாக இறங்கினாள். வலது காலை முழுதாக ஊன்றவில்லை.

"கால்ல என்ன?"

"ஒண்ணும் இல்லண்ணே. லேசா பட்டுச்சு."

"லேசாவா?" என்றார் மாப்பிள்ளை. "முந்தாநேத்து இறங்கும்போது பைப் பட்டு, சதை அப்படியே... டாக்டர் கட்டுப் போட்டுவிட்டாரு. எங்கண்ணன் பார்த்த வண்டி, அவர்கிட்ட சொல்லாதீங்கன்னு என் வாயைக் கட்டிப் போட்டுட்டா. இன்னைக்குப் பைப் இப்படிச் செவந்து நிக்கவும்தான் கூட்டிட்டு வந்தேன்."

"நீங்க சும்மா இருங்க. நான்தான் பார்த்து இறங்கலண்ணே. என் தப்பு."

சுட்டவர் நின்றுகொண்டிருக்க, சூடுபட்டவள் சமாதானம் சொன்னாள். காதுக்காரர் அவள் காலைப் பார்க்கவில்லை. பைப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டுப் போட்ட காலைப் பார்ப்பதைவிட அது சுலபமாக இருந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை அவளைப் பேருந்தில் ஏற்றி அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தார்.

இஞ்சின் வேலை முடிந்ததும் பைப் சிவந்தால், சந்தேகப்பட வேண்டியவர்கள் அதிகம் பேர் இல்லை. காதுக்காரர் ஒவ்வொருவராக விசாரித்தார். பெட்ரோலும் காற்றும் கலந்து உள்ளே போகிற ரப்பர் மூட்டு வழியாகக் கூடுதல் காற்று புகுந்தால் சூடு ஏறும். இஞ்சினை ஓடவிட்டு மூட்டைச் சுற்றி க்ளீனர் அடித்தார். ஓட்டை இருந்தால் ஓட்டத்தின் சுருதி மாறும். மாறவில்லை. பிளக்கைக் கழற்றினார். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். அது செங்கல் நிறத்தில், நல்ல பிள்ளையாக இருந்தது. கார்ப்ரேட்டரின் துளைகளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அடைப்பு இல்லை. பொறி விழும் நேரம் பிந்தினால் நெருப்பு பைப்புக்குள் போய் எரியும். அதற்கான குறியைப் பார்த்தார். குறி கோட்டின் மேல் அசையாமல் நின்றது. பைப் சேரும் இடத்தில் புது வாஷர், கசிவு இல்லை. எல்லோரும் நிரபராதிகள். குற்றம் மட்டும் கண்ணெதிரே சிவந்து நின்றது.

"வால்வு?" என்றார் மாப்பிள்ளை.

"அதை நான்தான வெச்சேன்."

"அதனாலதான் கேக்குறேன்."

காதுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். பட்டறையில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

"வால்வு டைட்டா இருந்தா கதவு சரியா சாத்தாது, நெருப்பு பைப்புக்குள்ள வரும். அது எனக்குத் தெரியாதா மாப்ள? ஆனா டைட்டா இருந்தா சத்தம் வராது. இதுல வருதே. இதோ கேளுங்க, டிக் டிக்குனு. கொஞ்சம் லூசுன்னுதான் சொல்லணும். இன்னும் ஒரு இழை இறுக்கலாம்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"உங்களுக்குக் கண்ணுதான தொழில்."

"சரி, கண்ணுக்குத் தெரியுறதைச் சொல்றேன். பைப்பு செவப்பா இருக்கு."

காதுக்காரர் சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்தினார். ஸ்க்ரூ டிரைவரை ஊன்றிக் காதை வைத்தார். முகம் சுருங்கியது.

"இப்பவும் வருது."

"அது பைப்பு ஆறுற சத்தம் மச்சான். அது எனக்கே கேக்குது."

உண்மைதான். சூடான இரும்பு ஆறும்போது தானாகச் சுருங்கி டிக் டிக் என்று சொல்லும். இருவருக்கும் கேட்டது. இருவருக்கும் ஒரே சத்தம் கேட்டதாக இருவருமே நினைத்தார்கள். அன்று மாலை காதுக்காரருக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அது. அதுவும் தவறான ஆறுதல்.

வால்வு இடைவெளியைப் பார்க்க வேண்டுமென்றால் இஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். காலையில் பார்க்கலாம் என்று ஷட்டரை இழுத்தார்.

வீட்டில் மனைவி தன் நாத்தனாரின் காலை மடியில் தூக்கி வைத்துக் கட்டை மாற்றிக்கொண்டிருந்தார். காதுக்காரர் வாசல்படியிலேயே நின்றுவிட்டார். காயம் அவர் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. அதன் ஓரம் பைப்பின் வளைவை அப்படியே எடுத்திருந்தது.

"உள்ள வாங்க. பார்க்க வேண்டியவர்தான் நீங்க" என்றார் மனைவி.

"அண்ணி, விடுங்க. அண்ணன் என்ன வேணும்னா செஞ்சாரு?"

"வேணும்னு செஞ்சிருந்தா திட்டித் தீர்த்துருவேன். வேணும்னு செய்யாததைத்தான் எப்படித் திட்டுறதுன்னு தெரியல."

காதுக்காரர் சாப்பிடாமல் போய்ப் படுத்தார். ஒரு கணக்கு மட்டும் அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வண்டியின் வால்வைத் தவறாக வைத்திருந்தால், அது ஒரு வண்டியின் தவறு இல்லை. இந்தச் சில மாதங்களாக அவர் வால்வு வைத்த வண்டிகள் எல்லாமே அதே காதால் வைக்கப்பட்டவை. ஒவ்வொன்றின் பின்னாலும் யாரோ ஒருவருடைய தங்கையோ மனைவியோ கால் தொங்கப் போட்டு உட்கார்ந்துகொண்டிருக்கிறாள். தவறு இல்லையென்றால் ஒன்றுமில்லை. தவறு என்றால், காது போய்விட்டது. காது போனால் காதுக்காரர் என்று ஒருவர் இல்லை; மின்சார ரசீதில் இருக்கும் அந்த இன்னொரு ஆள் மட்டும்தான். அவரை இவருக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அந்தத் தெரு அடையாளம் தெரியாமல் இருக்கும். இரும்புப் பட்டறை மூடியிருந்தது. கம்ப்ரசர் தூங்கியது. பேருந்துகள் இன்னும் வரத் தொடங்கவில்லை. காதுக்காரர் ஷட்டரைத் தூக்கி உள்ளே போய், முதல் வேலையாகப் பைப்பின் மேல் உள்ளங்கையை வைத்தார். கிணற்று உருளை மாதிரி சில்லென்றிருந்தது.

டிக் டிக் கேட்டது.

அவர் கையை எடுக்கவில்லை. பைப் ஆறுகிறது என்று இனி யாரும் சொல்ல முடியாது. அது ராத்திரியே ஆறிவிட்டது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து இஞ்சின் மேல் ஊன்றிக் கேட்டார். டிக் டிக். பெட்ரோல் டேங்கில் வைத்தார். டிக் டிக். டயரில் வைத்தார், சுவரில் வைத்தார், டீ வாங்க வைத்திருந்த தூக்குச் சட்டியில் வைத்தார். எல்லாவற்றிலும் டேப்பட் சத்தம். கடைசியில், கொஞ்சம் தயங்கி, தன் தொடையின் மேலேயே முனையை ஊன்றிக் கைப்பிடியில் காதை வைத்தார். அங்கேயும் ஒரு இழை லூசாகத்தான் இருந்தது.

வேறு ஒரு சமயமாக இருந்திருந்தால் அவருக்கே சிரிப்பு வந்திருக்கும்.

மாப்பிள்ளை வந்தபோது அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். வண்டியின் வால்வு மூடி திறந்து கிடந்தது. கையில், விசிறியாக விரிந்த கேஜ். நகத்து அழுக்கு எடுக்கும் தகட்டைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்.

"போகல மாப்ள."

"எது?"

"தகடு. புகை வால்வுல சந்தே இல்ல. இருக்குறதுலயே மெலிசான தகடு, அதுகூட நுழைய மாட்டேங்குது. நெரிச்சு வெச்சிருக்கேன்." கேஜைக் கீழே வைத்தார். "பைப்பைத் தொட்டுப் பாருங்க."

மாப்பிள்ளை தொட்டார். "ஜில்லுனு இருக்கு."

"ஏதாச்சும் சத்தம் வருதா?"

"இல்லையே."

"எனக்கு வருது."

மாப்பிள்ளை பக்கத்தில் கிடந்த பழைய டயரை இழுத்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார்.

"எவ்வளவு நாளா மச்சான்?"

"தெரியல. கடிகாரத்தைக் கழட்டுனப்பவே இருந்திருக்கணும். வண்டியில வருது, வண்டியில வருதுன்னு நெனச்சு இறுக்கிக்கிட்டே வந்துட்டேன். அது எப்படி நிக்கும்? அது வண்டியிலயே இல்லையே."

"எங்க கடைக்கு வர்றவங்கள்ல யாருமே எனக்குக் கண்ணு தெரியலைன்னு சொல்லிக்கிட்டு வர மாட்டாங்க" என்றார் மாப்பிள்ளை மெதுவாக. "பேப்பர்ல இப்பல்லாம் எழுத்தைப் பொடிசா போடுறான்னு சொல்லுவாங்க. தெருவுல லைட்டு சரியில்லன்னு சொல்லுவாங்க. ஒருத்தர் ஊர்ல பனி ஜாஸ்தி ஆயிருச்சுன்னு சொன்னாரு. நல்ல வெயில் காலம்."

"அப்புறம் என்ன செய்வீங்க?"

"பனிதான்னு சொல்லிக் கண்ணாடி போட்டு அனுப்புவேன். ஆனா நீங்க என் மச்சான். பனின்னு சொல்ல முடியாது."

காதுக்காரர் வண்டிப் பக்கம் திரும்பினார். சரியான தகட்டைத் தேர்ந்து, திருகைத் தளர்த்தி, தகடு வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி லேசான பிடிப்போடு போய் வரும் வரை வைத்தார். பூட்டினார். ஸ்டார்ட் செய்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, இஞ்சினைப் பார்க்காமல் பக்கத்தில் இருந்தவர் முகத்தைப் பார்த்தார்.

"இப்ப வருது மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "லேசா. டிக் டிக்குனு."

"அப்ப சரி."

அவருக்கும் கேட்டது. ஆனால் எது வண்டியுடையது, எது தன்னுடையது என்று பிரிக்க முடியவில்லை. மாப்பிள்ளை ஊரைச் சுற்றிவிட்டு வந்து வண்டியை ஷட்டருக்குள் இருட்டில் நிறுத்திக் காட்டினார். பைப் கறுப்பாக, பைப் நிறத்திலேயே இருந்தது.

காது டாக்டரிடம் மனைவிதான் இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்தார், சத்தம் புகாத கூண்டுக்குள் உட்கார வைத்துச் சோதித்தார். இத்தனை வருஷ இரைச்சலில் காதின் உள் நரம்பு தேய்ந்துவிட்டதாம். கேட்க வேண்டிய சத்தம் குறையும்போது, குறைந்த இடத்தை நிரப்ப மூளை தானாக ஒரு சத்தத்தை உண்டாக்கிக்கொள்ளுமாம். நிறுத்த மருந்து இல்லை, பழகிக்கொள்ளுங்கள் என்றார். காதுக்காரருக்கு இதில் வியப்பாக இருந்தது ஒன்றுதான்: ஆயிரம் சத்தம் இருக்க, தன் மூளை போயும் போயும் டேப்பட் சத்தத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. டாக்டர் அதற்கும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கடிகாரத்துக்கு பேட்டரி போட்டார். "எப்படியும் கேக்கப்போகுது. மணியாவது சரியா தெரியட்டும்" என்றார். பாக்கி உங்க காதுதான் என்று தான் அன்றே சொன்னதை நினைவுபடுத்தவில்லை. நினைவுபடுத்தியிருந்தால் காதுக்காரருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மிச்சம் இருந்தது மற்ற வண்டிகள். மாப்பிள்ளை நடைமுறை தெரிந்தவர். "அடுத்த சர்வீசுக்கு எப்படியும் உங்ககிட்டதான் வருவாங்க. அப்ப சத்தமில்லாம சரி பண்ணிருங்க. யாருக்குத் தெரியும்?" என்றார்.

"அதுவரைக்கும்?"

மாப்பிள்ளை தன் மனைவியின் கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். பிறகு அந்த யோசனையை அவர் மறுபடி சொல்லவில்லை.

ஆனால் எந்த வண்டி, யாருடையது என்று எழுதி வைக்கும் பழக்கம் காதுக்காரருக்கு இருந்ததில்லை. தெருமுனையில் திரும்பும்போதே சத்தத்தை வைத்து, இது இன்னாருடையது என்று சொல்லக்கூடியவர் எதற்கு எழுத வேண்டும்? அந்த வழி இப்போது அடைபட்டுவிட்டது. மேலும் அவர் தேடுவது சத்தம் போடாத வண்டிகளை. நல்ல காது உள்ளவனாலேயே அந்தத் தெருவில் அதைக் கேட்டுப் பிடிக்க முடியாது. ஆகவே அவர் மாப்பிள்ளையின் தொழிலுக்கு மாறினார். அளவுக்கு மீறிச் சூடு கண்ட பைப் வெயிலில் நீலம் பாய்ந்து தெரியும், எண்ணெய் மிதக்கும் தண்ணீர் மாதிரி. பேருந்து திரும்பும் முனையில் நின்று, போகிற வருகிற வண்டிகளின் பைப்பைக் குனிந்து குனிந்து பார்த்தார். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று சிலர் தாங்களும் சேர்ந்து குனிந்தார்கள்.

முதலில் சிக்கியது பால்காரரின் வண்டி. இரு பக்கமும் கேன்கள், பின்னால் மனைவி. பைப் அழகான நீலம்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!"

"என்ன காதுக்காரரே, ரோட்ல நின்னு வழிப்பறியா?" பால்காரர் ஒரு காலை ஊன்றினார். "வண்டி பூ மாதிரி ஓடுது. எல்லார்கிட்டயும் உங்களைத்தான் சொல்றேன்."

"சொல்லாதீங்க. வால்வைத் தளர்த்தணும். பட்டறைக்கு வாங்க."

"பூ மாதிரி ஓடுறதுல எதுக்குக் கை வைக்கணும்?"

"பைப்பைப் பாருங்க, நீலமா போயிருக்கு."

"நல்லாத்தான இருக்கு? பெயிண்ட் அடிச்ச மாதிரி."

"நல்லாத்தான் இருக்கும். உள்ள வால்வு வேகுது. இன்னும் கொஞ்ச நாள்ல வண்டி நடு ரோட்ல நின்னுரும். அதுக்கு முந்தி இவங்க கால் சுட்டுரும்."

"யார் கெடுத்தது?"

இரும்புப் பட்டறையில் அப்போது அறுக்கும் சத்தம் நின்றிருந்தது. நிற்காமல் இருந்திருக்கலாம்.

"நான்தான்" என்றார் காதுக்காரர். "எனக்குக் காதுல ஒரு சத்தம் வருது. அதை வண்டிச் சத்தம்னு நெனச்சு இறுக்கிட்டேன்."

பால்காரர் பேச்சை நிறுத்தி நிறுத்தி, உரக்கக் கேட்டார்: "அப்ப, உங்களுக்கு, காது, கேக்காதா?"

"கத்தாதீங்க. கேக்குது. இல்லாததும் சேர்த்துக் கேக்குது."

டயர்க் கடை வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும் என்பது காதுக்காரருக்குத் தெரியும். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குள் போனார். இஞ்சின் முழுக்க ஆறும் வரை இருவரையும் காக்க வைத்து, தகடு போட்டு அளந்து வைத்தார். பால்காரர் ஸ்டார்ட் செய்ததும் முகத்தைச் சுளித்தார்.

"என்னங்க இது, தையல் மெஷின் மாதிரி சத்தம் போடுது! முன்னாடியே நல்லா இருந்துச்சே."

காதுக்காரர் ஓரமாக நின்ற பால்காரரின் மனைவியிடம் கேட்டார்: "உங்களுக்குக் கேக்குதாம்மா?"

"எனக்கு நல்லாக் கேக்குது. இவருக்கும் வண்டிச் சத்தம் மட்டும் கேக்கும். வீட்ல நான் கத்துறது எதுவும் கேக்காது."

காதுக்காரர் சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்தினார். "இப்ப?"

"இப்ப என்ன? நின்னுருச்சு. ஒண்ணும் கேக்கல."

காதுக்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டார். அவருக்கு டிக் டிக் நிற்கவில்லை. பிறகு அந்தம்மா சொன்னதையே எடுத்துக்கொண்டு, சாவியைக் கழற்றிப் பால்காரரிடம் கொடுத்துவிட்டு, வெயில் இருக்கும்போதே மறுபடி முனைக்குப் போனார்.